இரு மாத்திரையும் ஒரு குறிப்பேடும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோயில் நோக்கிச் செல்லும் பழைய பெருவழியில் நெய்யாற்றங்கரையைக் கடந்து, அமரவிளை, உதியன்குளங்கரை என்னும் ஊர்களைத் தாண்டினால் பாறசாலை வருகிறது. அதற்கு அப்பால் சிறிது தொலைவில் களியக்காவிளை. அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. ஆயினும் மண்ணின் நிறமோ, தென்னையும் வாழையும் ரப்பரும் நிற்கும் தோற்றமோ, மரச்சீனிக் கிழங்கின் சுவையோ அவ்விடத்தில் மாறுவதில்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றங்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றது. இத்தாலுகாவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், இருந்த இடத்தைவிட்டு ஓரடியும் நகராமலே வெளிமாநிலத் தமிழராயின.

மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்கு இந்த எல்லைக் கிராமங்களை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. உடல் நலமாக இருக்கும்வரை வேற்றுமொழி வழங்கும் ஊரில் வாழ்வது பெரிய இடர்ப்பாடன்று. கடைவீதிக்கு வேண்டிய சொற்கள் சில மாதங்களில் வந்துவிடுகின்றன. நோய் வந்தபோதுதான், உடம்புக்கு என்ன செய்கிறது என்பதைப் பிறமொழியாளரான டாக்டரிடம் எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை நேர்கிறது. எலும்பு முறிந்தால் அதை எக்ஸ்ரே படம் சொல்லிவிடும். ஆனால், நோயாளியின் வாய்ச்சொல்லையும் கேட்டு மருந்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் செய்ய வேண்டிய வைத்தியங்களும் உள்ளன. அவற்றுள் ஒன்று, மந்தமாகிவிட்ட தைராய்டுச் சுரப்பிக்கு இருவகை ஹார்மோன்களைச் சேர்த்துத் தரும் வைத்தியம். அதைப் பற்றியே இங்குப் பேசப் புகுகிறோம். நாம் வைத்தியம் கற்றவரல்லோம். கலைப்பட்டம் பெற்று, மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர். எனினும் நம் குடும்பத்தில் ஒருவருக்கு இந்த வைத்தியம் நடந்தபோது, ஒரே ஒரு சொல் எவ்வளவு குழப்பத்தை விளைக்கும் என்பதை நேரில் கண்டோம். கண்டதையும், அதன் பொருட்டுக் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதையும் நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சுரப்பியைப் பற்றிச் சில சொற்கள். கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தாற்போல் அமைந்திருக்கும் சிறிய உறுப்பே தைராய்டு. அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். உடலின் ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு விரைவாக உழைக்க வேண்டும் என்பதை அது சுரக்கும் ஹார்மோன்களே வரையறுக்கின்றன. அவை குறைந்தால் உடல் முழுவதும் மந்தமாகிறது. காரணமில்லாச் சோர்வு, குளிரைப் பொறுக்க இயலாமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், குரல் கம்முதல், மறதி, எடை கூடுதல், நாடி தளர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்நோய் மிகுதியாக வருகிறது. இந்தியாவின் எட்டுப் பெருநகரங்களில் வயதுவந்தோரிடையே நடத்தி 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஏறத்தாழ 100-க்கு 11 பேருக்குத் தைராய்டு மந்தம் காணப்பட்டது.

ஒரு காலத்தில் நம் நாட்டில் தைராய்டு நோய் என்றால் இமயமலை அடிவாரத்துக் கழுத்துக் கழலையே நினைவுக்கு வந்தது. மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைந்தமையால் விளைந்த நோய் அது. காங்கிரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956 முதல் நடத்திய ஆராய்ச்சி, உப்பில் அயோடின் சேர்த்தால் அந்நோயைத் தடுக்கலாம் என்று காட்டிற்று. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. பாறசாலைப் பக்கத்தில் நிலைமை வேறு. கடல் அருகில் உள்ளது; மீன் நாள்தோறும் கிடைக்கிறது; அயோடின் உப்பும் கடைதோறும் உண்டு. அயோடினுக்குக் குறைவில்லாத இத்தகைய இடங்களில் சுரப்பி மந்தமாவதற்குப் பெரும்பாலும் வேறொரு காரணம் இருக்கிறது. நோயை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே தன் சுரப்பியைப் பகையெனக் கருதித் தாக்கி அழிக்கிறது. ஹக்காரு ஹாஷிமோட்டோ என்னும் ஜப்பானிய மருத்துவர் 1912-இல் இத்தகைய சுரப்பிகளை ஆராய்ந்து எழுதினார். அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

சுரப்பி தரும் ஹார்மோன்கள் இரண்டு. ஒன்று தைராக்சின், அதில் நான்கு அயோடின் அணுக்கள் இருப்பதால் டி-4 என்பர். மற்றொன்றில் மூன்றே அணுக்கள். ஆதலின் அது டி-3. மாத்திரை வடிவில் முன்னதை லெவோதைராக்சின் என்றும் பின்னதை லையோதைரோனின் என்றும் வழங்குவர். இவ்விரண்டுக்கும் உள்ள உறவை நெல்லுக்கும் அரிசிக்கும் உள்ள உறவாகக் கொண்டால் எளிதில் விளங்கும். டி-4 என்பது நெல். குதிரில் கிடக்கும், நெடுநாள் தாங்கும், ஆனால் அப்படியே உண்ண உதவாது. டி-3 என்பது அரிசி. உடனே உலையிலிடலாம், விரைவில் தீர்ந்தும் போகும். டி-4-இலிருந்து ஓர் அயோடின் அணுவை நீக்கி, உமி களைந்து அரிசியாக்குவது போல், டி-3 ஆக்கிக்கொள்ளும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் மூளையும் பிற உறுப்புகளும் தாமே செய்துகொள்கின்றன. உடலில் உள்ள டி-3-இல் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இவ்வாறு உண்டாவதே. ஐந்தில் ஒரு பங்கைச் சுரப்பி நேரே தருகிறது.

இந்த வைத்தியத்தின் வரலாறும் அறியத்தக்கது. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து டாக்டர் ஜார்ஜ் மரே, ஆட்டின் தைராய்டுச் சுரப்பியிலிருந்து பிழிந்த சாற்றை 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசி வழியே செலுத்தினார். நோய் முற்றியிருந்த அப்பெண்மணி பின்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாயினவாம். 1914-இல் எட்வர்டு கெண்டால் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். 1952-இல் ரோசலிண்ட் பிட்-ரிவர்சும் ஜாக் கிராசும் லண்டனில் டி-3-ஐக் கண்டறிந்தனர். அதாவது, மரே தந்த ஆட்டுச் சாற்றில் நெல்லும் அரிசியும் கலந்தே இருந்தன. அஃது அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. 1970-இல், சுரப்பியே இல்லாதவருக்கு டி-4 மட்டும் தந்தாலும் உடல் அதிலிருந்து டி-3-ஐ ஆக்கிக்கொள்கிறது என்று மெய்ப்பிக்கப்பட்டது. அதன் பின்னர், நாள்தோறும் ஒரே அளவில் ஒரே மாத்திரையாக லெவோதைராக்சின் தருவது உலகெங்கும் நிலைபெற்றது. இன்றும் அதுவே முதல் வைத்தியம். பெரும்பாலோருக்கு அது போதுமானது.

அப்படியாயின் இரண்டாம் மாத்திரை எதற்கு என்று நேயர்கள் வினவலாம். ஒரு மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டு, டி.எஸ்.எச். என்னும் இரத்தச் சோதனையும் சரியாக வந்த பின்னரும், சோர்வும் மறதியும் நீங்காத சிலர் இருக்கின்றனர். ஐரோப்பியத் தைராய்டுச் சங்கம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பு, இத்தகையோர் 100-க்கு 5 முதல் 10 பேர் என்று கூறுகிறது. 1999-இல் லிதுவேனியா நாட்டில் 33 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சியில், டி-4-இல் ஒரு பகுதியைக் குறைத்து டி-3 சேர்த்தபோது மனத்தெளிவும் ஊக்கமும் கூடியதாகக் கண்டனர். உலகம் அதை ஆவலோடு வரவேற்றது. ஆனால் பின்னர் நடந்த பெரிய சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. 11 சோதனைகளில் பங்குகொண்ட 1,216 பேரின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2006-இல் ஆராய்ந்தபோது, சராசரியாகப் பார்த்தால் இரு வைத்தியங்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை. எனினும் தனித்தனி நோயாளிகளுள் சிலர் கூட்டு மருந்தையே விரும்பியதும் உண்டு. ஆதலின் இன்று அறிஞர்கள் கொள்ளும் நிலை இது: எல்லோருக்கும் இது வேண்டியதில்லை, பிற காரணங்களை ஆராய்ந்து விலக்கிய பின்னரும் குறை தீராதவருக்கு, அனுபவமிக்க நிபுணரின் கண்காணிப்பில், ஒரு வரையறுத்த காலத்துக்குச் சோதனையாகத் தரலாம்.

நம் மூத்த தமக்கையார் அத்தகையோருள் ஒருவர். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, பாறசாலைக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவர். பத்து ஆண்டுகளாக நாள்தோறும் 100 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் உட்கொண்டு வந்தார். சோதனைத் தாளில் எல்லாம் சரி. ஆயினும் பிற்பகல் ஆனதும் கட்டிலைத் தேடுவார். அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரைப் பார்த்துவந்த இளம் டாக்டர், எடுத்த எடுப்பில் இரண்டாம் மாத்திரையைத் தந்துவிடவில்லை. இரத்தச்சோகை உண்டா, சர்க்கரை உண்டா, பி-12 உயிர்ச்சத்துக் குறைவா, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுகிறதா, மனச்சோர்வு இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தார். இரத்தச்சோகை இருந்தது. அதற்கு இரும்புச்சத்து மாத்திரை தந்து, அதைத் தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரமேனும் தள்ளி உட்கொள்ளுமாறு சொன்னார். இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் தைராக்சினைக் குடலில் பற்றிக்கொண்டு இரத்தத்தில் கலக்கவிடாமல் தடுக்கும். காப்பியும் அவ்வாறே. ஆதலின் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியைத் தொட வேண்டும்.

சோகை நீங்கியது, சோர்வு பாதி குறைந்தது, மறுபாதி நின்றது. அதன் பின்னரே டாக்டர் கூட்டு வைத்தியத்தைத் தொடங்கினார். டி-3 என்பது எடைக்கு எடை டி-4-ஐப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வலியது. ஆகையால் புதிதாகச் சேர்க்கும்போது பழையதைக் குறைக்க வேண்டும். ஐரோப்பியச் சங்கத்தின் கணக்குப்படி, 100 மைக்ரோகிராம் டி-4 உட்கொள்பவருக்கு 5 மைக்ரோகிராம் டி-3 சேர்த்து, டி-4-ஐ ஏறத்தாழ 85-ஆகக் குறைப்பது வழக்கம். தமக்கையாருக்கு 88 மைக்ரோகிராம் மாத்திரையும், காலையும் இரவுமாகப் பகுத்து 5 மைக்ரோகிராம் டி-3-உம் எழுதித் தந்தார். இங்கே கூறும் எண்கள் விளக்கத்தின் பொருட்டேயாகும். இவற்றைக் கொண்டு எவரும் தமக்குத் தாமே மருந்து வகுத்துக்கொள்ளலாகாது.

மூன்றாம் வாரம் தமக்கையார் டாக்டரிடம் சென்றார். முப்பது ஆண்டுகளாக மலையாளம் பேசுபவர்தாம். ஆயினும் உடல் வருத்தம் என்று வரும்போது பிறந்த மொழியின் சொல்லே வாயில் முந்திக்கொள்கிறது. "கை விறைக்குது டாக்டர்" என்றார். தமிழில் விறைத்தல் என்பது குளிரால் மரத்து இறுகிப்போவது. மலையாளத்தில் ஏறத்தாழ அதே ஒலியுடைய சொல்லுக்கு நடுங்குதல் என்பது பொருள். டாக்டர் தம் மொழியிலேயே அதைக் கேட்டார். கை நடுக்கம் என்பது ஹார்மோன் மிகுந்துவிட்டதன் அடையாளம். குளிர்ந்து விறைப்பதோ அது போதாமையின் அடையாளம். ஒரே சொல் இரு மொழிகளில் நேர் எதிரான இரு நிலைகளைக் காட்டி நின்றது. டாக்டர் எச்சரிக்கையாக டி-3-ஐ நிறுத்திவிட்டார். அவர் கேட்ட சொல்லின்படி அவர் செய்தது முற்றிலும் முறையானதே.

ஆறு வாரம் கழித்து நாம் விடுமுறையில் ஊருக்குச் சென்றோம். "கை நடுக்கம் நின்றுவிட்டதா அக்கா?" என்று கேட்டோம். "நடுக்கமா? எனக்கு எப்போது நடுங்கியது தம்பி? காலையில் எழுந்தால் விரல் குளிர்ந்து விறைத்துப்போகிறது என்றல்லவா சொன்னேன்!" என்றார் அவர். நாள்தோறும் இரு மொழிகளிடையே நடமாடுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு அப்போதுதான் பொறி தட்டிற்று. மறுநாள் அவரோடு டாக்டரிடம் சென்றோம். செய்தியைக் கேட்டதும் டாக்டர் சிரித்துக்கொண்டே தமக்கையாரின் இரு கைகளையும் முன்னே நீட்டி விரல்களை விரிக்கச் சொன்னார். நீட்டிய விரல்கள்மேல் ஒரு மெல்லிய தாளை வைத்தார். கை நடுங்கினால் தாளின் ஓரம் படபடத்துக் காட்டிக்கொடுத்துவிடும். தாள் அசையாது கிடந்தது. நாடியை எண்ணினார், நிமிடத்துக்கு 64. மிகுதியின் அடையாளம் ஒன்றும் இல்லை. வைத்தியம் மீண்டும் தொடங்கிற்று. ஆறு வாரம் வீணாயிற்றே என்று தமக்கையார் வருந்தினார். "தவறு மறுபக்கமாக நேர்ந்திருந்தால்?" என்றார் டாக்டர். மெய்யாகவே கை நடுங்கும் ஒருவரின் சொல்லைக் குளிர் விறைப்பு என்று கொண்டு மருந்தைக் கூட்டியிருந்தால், இதயம் தாளம் தவறித் துடிக்கவும், நாளடைவில் எலும்பு வலுவிழக்கவும் அஃது இடந்தந்திருக்கும்.

அன்று டாக்டர் ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு வாங்கச் சொன்னார். சொல் மொழிக்கு மொழி மாறும், எண் மாறாது. நாடித்துடிப்பு 72 என்றால் தமிழருக்கும் 72. மலையாளிக்கும் மராத்தியருக்கும் வங்காளிக்கும் 72-தான். ஆகவே, சொல்லக்கூடியவற்றை எண்ணாக எழுதிக் கொண்டுவாருங்கள் என்பது அவர் கூறிய வழி. அக்குறிப்பேட்டின் அமைப்பை நேயர்களுக்கும் கூறுவோம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. தேதி; இரு மாத்திரைகளையும் விழுங்கிய நேரம்; காலையில் படுக்கையைவிட்டு எழுமுன் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் எண்ணிய நாடித்துடிப்பு; டி-3 விழுங்கிய மூன்று மணி நேரத்துக்குப் பின் மீண்டும் அதே எண்ணிக்கை; இரவு உறங்கிய மணிகள். வாரத்துக்கு ஒருமுறை எடையும், தாள் வைத்துப் பார்த்த கைச் சோதனையும். கடைசியில் நடந்த செயல் ஒன்று: மாடிப்படி ஏற முடிந்ததா, பகலில் படுக்க நேர்ந்ததா, எவ்வளவு தொலைவு நடந்தார் என்பது போல. 'அசதியாக இருந்தது' என்று எழுதுவதைவிட 'பகல் 2 முதல் 4 வரை படுத்திருந்தேன்' என்று எழுதுவது டாக்டருக்கு மிகுதியாக உதவும்.

இக்குறிப்பேடு வேண்டியதாவதற்கு மருந்துகளின் இயல்பிலேயே ஒரு காரணம் உண்டு. டி-4 இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகின்றன. டி-3-க்கு ஒரு நாள் போதும். ஆகவே டி-4-இன் அளவை இன்று குறைத்தால், குதிரில் பழைய நெல் இருக்கும்வரை குறைவு தெரியாது. அது புதிய அளவில் வந்து நிலைக்க ஐந்தாறு வாரங்கள் செல்லும். டி-3-ஓ முதல் நாளிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடும். இதனால் முதல் இரண்டு வாரங்களில் பழைய நெல்லும் புதிய அரிசியும் ஒருங்கே இருக்க, சிலருக்குப் புத்துணர்ச்சியும் சிலருக்குப் படபடப்பும் உண்டாகும். நான்காம் ஐந்தாம் வாரங்களில் பழைய நெல் தீர, மீண்டும் சோர்வு தலைகாட்டுவதும் உண்டு. முதல் வாரத்து மகிழ்ச்சியைக் கண்டு நோய் தீர்ந்தது என்றோ, ஐந்தாம் வாரத்துத் தளர்ச்சியைக் கண்டு மருந்து பயனற்றது என்றோ முடிவு கட்டலாகாது. ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து இரத்தம் சோதித்த பின்னரே அளவை மாற்றுவது முறை. அதற்கிடையில் ஒரு நாள் சோர்வு என்று ஒரு மாத்திரையைக் கூட்டுவதும், மறுநாள் படபடப்பு என்று ஒன்றை விடுவதும் கணக்கைக் கலைத்துவிடும்.

இரத்தச் சோதனைக்கும் ஒரு நெறி உண்டு. டி-3 மாத்திரையை விழுங்கிய இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் அதன் அளவு இரத்தத்தில் உச்சிக்கு ஏறும். அவ்வேளையில் எடுத்த இரத்தம் வீண் அச்சத்தை உண்டாக்கும். ஆதலின் அன்றைய காலை மாத்திரைகளை விழுங்கும் முன்னரே இரத்தம் தந்துவிட்டு, அதன் பின்னர் விழுங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் தருவது நலம். கூட்டு வைத்தியத்தில் டி-4-இன் அளவு முன்னைவிடச் சற்றுத் தாழ்ந்து காட்டுவது இயல்பு. அதைக் கண்டு மருண்டுவிட வேண்டியதில்லை. டி.எஸ்.எச். உரிய எல்லைக்குள் நிற்கிறதா என்பதே தலையாய செய்தி. அது மிகத் தாழ்ந்துவிட்டால் மருந்து மிகுந்துவிட்டது என்று பொருள்.

வெளிமாநிலங்களில் வாழ்வோர் கருத வேண்டியவை வேறு சில உள. இரு மருந்துகளும் சிறு மாத்திரைகளாக இருப்பதால் ஒன்றை மற்றொன்றென எண்ணி விழுங்குவது எளிது. 25 மைக்ரோகிராம் டி-4-உம் 25 மைக்ரோகிராம் டி-3-உம் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே குப்பியில் கொட்டி வைக்கலாகாது. மருந்தின் வணிகப் பெயரை மட்டும் மனப்பாடம் செய்யாமல், லெவோதைராக்சின், லையோதைரோனின் என்னும் அதன் இயற்பெயரையும், மைக்ரோகிராம் அளவையும் எழுதி வைத்துக்கொள்க. ஒரு டாக்டர் 0.1 மில்லிகிராம் என்று எழுதுவதும், மற்றொருவர் 100 மைக்ரோகிராம் என்று எழுதுவதும் ஒன்றே. லையோதைரோனின் எல்லாக் கடைகளிலும் எளிதில் கிடைப்பதன்று. ஊருக்குப் புறப்படுமுன் வேண்டிய அளவு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வேளை டி-3 விட்டுப்போனால், மறுவேளை இரட்டிப்பாக விழுங்கக் கூடாது. மழைக்கால ஈரமும் அடுப்படி வெப்பமும் இம்மாத்திரைகளுக்கு ஆகா.

எல்லைக் கிராமங்களில் பலரும் கேட்கும் வினா ஒன்று உண்டு: மரச்சீனியை விட்டுவிட வேண்டுமா என்பது. அக்கிழங்கில் உள்ள ஒரு பொருள் உடலில் தயோசயனேட்டாக மாறி, சுரப்பிக்குள் அயோடின் புகுவதைத் தடுக்கும் என்பது மெய். ஆப்பிரிக்காவின் காங்கோவில், அயோடின் குறைந்த பகுதிகளில், சரியாகப் பதப்படுத்தாத மரச்சீனியையே பேருணவாகக் கொண்டோரிடம் கழலை மிகுந்திருந்ததைக் கண்டறிந்துள்ளனர். அயோடின் உப்பும் மீனும் உண்போர், கிழங்கை நறுக்கி நன்கு வேகவைத்து நீரை வடித்து உண்டால் அஞ்ச வேண்டியதில்லை. அன்றியும், மாத்திரையாக ஹார்மோனையே உட்கொள்பவருக்குச் சுரப்பியின் உழைப்பைப் பற்றிய இந்தக் கவலை பெரிதும் பொருந்துவதில்லை.

கூட்டு வைத்தியம் கூடாதவரும் உளர். கருவுற்ற பெண்களுக்கும், கருவுறக் கருதும் பெண்களுக்கும் இது ஏற்றதன்று. தாயின் குருதியில் உள்ள டி-4-ஐக் கொண்டே குழந்தையின் மூளை தொடக்கத்தில் வளர்கிறது. ஆகவே அவர்களுக்கு லெவோதைராக்சின் மட்டுமே தருவர். இந்த வைத்தியத்தில் இருக்கும்போது கருவுற்றால் தாமதியாமல் டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும். இதயத் துடிப்பில் தாளக்கேடு உடையவர்களுக்கும் இஃது ஆகாது. மார்புவலி வந்தாலோ, அமர்ந்திருக்கும்போதே நாடி நூறைத் தாண்டி நின்றாலோ, துடிப்பு ஒழுங்கின்றி ஓடினாலோ அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். உடல் இளைக்கும் பொருட்டு இம்மருந்தை நாடுவது பெருந்தவறு.

மூன்று மாதம் ஆன பின் தமக்கையாரின் குறிப்பேட்டை டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். காலை நாடி 70-க்கும் 76-க்கும் இடையில் நின்றது. எடை ஒரு கிலோவும் குறையவில்லை. ஆனால் பகலில் படுத்த மணிகள் இரண்டிலிருந்து அரையாகக் குறைந்திருந்தன. கடைசிப் பக்கங்களில், களியக்காவிளைச் சந்தைக்குச் சென்று மீன் வாங்கி வந்ததாக நான்கு இடங்களில் எழுதியிருந்தது. டி.எஸ்.எச். எல்லைக்குள் இருந்தது. மருந்தைத் தொடரலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். இதே வைத்தியத்தை மேற்கொண்ட நம் அலுவலக நண்பர் ஒருவரின் குறிப்பேடு வேறு விதமாக முடிந்தது. மூன்று மாதத்தில் உறக்கம் குறைந்ததன்றி வேறு பயன் இல்லை என்று அவருடைய எண்கள் காட்டின. அவர் ஒரு மாத்திரைக்கே திரும்பினார். இன்று நலமாக இருக்கிறார். மூன்று மாதத்தில் பயன் தெரியாவிடில் நிறுத்திவிடுக என்பதே ஐரோப்பியச் சங்கத்தின் அறிவுரையும் ஆகும். அவ்வாறு திரும்புவதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. தமக்கு எது வேண்டும், எது வேண்டியதில்லை என்பதை அவ்விருவருமே எழுதிய கணக்கைக் கொண்டு அறிந்துகொண்டனர்.

பிறமொழி வழங்கும் நகரங்களில் வாழும் நேயர்கள், தமக்கோ தம் வீட்டாருக்கோ இத்தகைய நெடுங்கால வைத்தியம் நேருமாயின், முதலில் ஒரு குறிப்பேட்டை வாங்குக. ஊரில் தனித்திருக்கும் தாய் தந்தையர் இம்மருந்தை உட்கொள்வாராயின், தொலைபேசியில் "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்பதோடு நில்லாமல், "இன்று காலை நாடி எத்தனை?" என்றும் கேளுங்கள். நடுக்கம் என்றால் கையை நீட்டிக் காட்டுங்கள். குளிர் என்றால் விரலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாறசாலைப் பக்கத்து அந்த டாக்டர், இப்போது எந்தத் தமிழ் நோயாளி 'விறைக்குது' என்று சொன்னாலும், மேசைமேல் இருக்கும் தாள் ஒன்றை எடுத்து, "கையை நீட்டுங்கள்" என்கிறாராம்.